வேகத்தடையில் தாழ்வான ஸ்போர்ட்ஸ் கார்: கோணலா ஏத்தியும் அடி தட்டுது, ஏன்?

தாழ்தளம் கேட்டது:

ரெண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார். மேனுவல் கியர், நோஸ் லிஃப்ட் (பட்டனை அமுக்கினா முன்பக்கத்தைத் தூக்குற வசதி) கிடையாது. கம்பெனி ஸ்பிரிங்தான், எதையும் இறக்கலை. சமதளத்துல நிறுத்தி டேப் வெச்சு எடுத்த அளவு இது: முன் லிப்புக்கு (முன் பம்பரோட கீழ் விளிம்பு) கீழ 105 மிமீ, நடு வயித்துக்குக் கீழ 110 மிமீ, வீல்பேஸ் (முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவுல தூரம்) 2,450 மிமீ, முன் ஆக்ஸில்ல இருந்து லிப் நுனி வரைக்கும் 900 மிமீ, இடது வலது சக்கரத்துக்கு நடுவுல 1,600 மிமீ.

தாண்ட வேண்டிய வேகத்தடை மூணு வகை. ஒண்ணு, தார்ல போட்ட குட்டை மேடு, 900 மிமீ அகலம், 100 மிமீ உயரம். ரெண்டாவது நீளமா வளைஞ்ச மேடு, 3.7 மீட்டர் வரும், அதுவும் 100 மிமீ உயரம்தான். மூணாவது லேன் நடுவுல திண்டு மாதிரி தனியா இருக்கும், ரெண்டு பக்கமும் இடைவெளி விட்டிருப்பாங்க.

குட்டை மேட்டுல நேரா போனா லிப் உரசுது. 30 டிகிரி அளவுக்குச் சாய்ச்சு ஏத்தினா லிப் தப்பிச்சிடுது. ஆனா பாதி வண்டி தாண்டினதும் வயிறு கரக்குனு தட்டுது. பக்கத்து சீட்ல ஆள் இருந்தா நிச்சயம் தட்டும். 110-ல 100 போனா 10 மிமீ மிச்சம் இருக்கணுமே, அது எங்க போகுது? அதே உயரம் இருக்கிற நீள மேட்டுல எதுவுமே உரசலையே, அது எப்படி? திண்டை எப்படித் தாண்டுறது, நடுவுல விடணுமா ஒரு பக்கமா ஏத்தணுமா? ஸ்பிரிங்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஓட்டுற முறையில சரி பண்ண முடியுமான்னு தெரிஞ்சுக்கணும்.

அளவுகோல் எழுதியது:

அளவெடுத்துக் கேட்டதற்கு முதலில் நன்றி. "அடி தட்டுது, என்ன செய்ய" என்று மட்டும் கேட்டால் யாராலும் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது.

லிப் உரசுவது ஒரு நோய், வயிறு தட்டுவது வேறொரு நோய். ஒன்றின் மருந்து மற்றதுக்குக் கேட்காது. கோணலாக ஏற்றுவது மூக்குக்கான மருந்து.

உங்கள் அளவையே வைத்துப் பார்ப்போம். குட்டை மேட்டின் உச்சி அதன் அடிவாரத்திலிருந்து 450 மிமீ தள்ளி இருக்கிறது. லிப் நுனி ஆக்ஸிலுக்கு 900 மிமீ முன்னால். ஆகவே நேராகப் போகும்போது லிப் உச்சிக்கு மேல் வந்துவிடும், முன் சக்கரம் மேட்டைத் தொடவே இன்னும் 450 மிமீ பாக்கி இருக்கும். சக்கரம் ஏறாதவரை மூக்கு எழும்பாது. 105 மிமீ இடைவெளியில் 100 மிமீ மேடு நுழைய வேண்டும்; மிச்சம் 5 மிமீ. அந்த நேரத்தில் பிரேக்கில் கால் இருந்தால் மூக்கு 20 மிமீ வரை சுலபமாக அமுங்கும். உரசாமல் என்ன செய்யும்?

30 டிகிரி சாய்த்தால் முந்திப் போகும் பக்கத்துச் சக்கரம் மேட்டை முன்னதாகவே சந்திக்கிறது. எவ்வளவு முன்னதாக? வண்டியின் மையக் கோட்டிலிருந்து சக்கரம் 800 மிமீ தள்ளி இருக்கிறது. அதை 30 டிகிரியின் டான் மதிப்பான 0.577-ஆல் பெருக்கினால் 460 மிமீ. உங்கள் 900 மிமீ மூக்கு 440 மிமீ ஆகக் குறைந்த மாதிரி. லிப்பின் நடுப்பகுதி உச்சிக்கு வரும்போது அந்த ஒரு சக்கரம் ஏறத் தொடங்கியிருக்கும், மூக்குக்கு 15 மிமீக்கு மேல் கூடுதலாகக் கிடைக்கும். பெரும்பாலான பம்பர்களின் மூலைகள் பின்னோக்கி வளைந்து போவதால் அங்கே நீட்டமும் குறைவு. இந்த இரண்டும் சேர்ந்துதான் லிப்பைக் காப்பாற்றுகின்றன.

இப்போது வயிறு. 30 டிகிரியில் பின்தங்கிய முன் சக்கரம் மேட்டை விட்டு இறங்கும் இடத்துக்கும், முந்திய பின் சக்கரம் மேட்டைத் தொடும் இடத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வீல்பேஸ் 2,450. அதில் சாய்வினால் போகும் 920-ஐக் கழியுங்கள். சாய்வாகக் கடக்கும்போது மேட்டின் அகலமும் 900-லிருந்து 1,040 ஆகிவிடும், அதையும் கழியுங்கள். மீதி 490 மிமீ. கிட்டத்தட்ட அரை மீட்டருக்கு நான்கு சக்கரமும் தரையில் நிற்க, மேடு முழு உயரத்தோடு வயிற்றுக்குக் கீழே கிடக்கிறது. கோணலாகப் போனதால் வயிற்றுக்கு ஒரு மிமீ கூட லாபமில்லை. உங்களுக்கு அந்தக் "கரக்" கேட்பது இந்த அரை மீட்டரில்தான்.

45 டிகிரிக்குப் போனால் நிலைமை மாறும். சாய்வினால் போவது 1,600, மேட்டின் அகலம் 1,270. இரண்டும் சேர்ந்து வீல்பேஸைத் தாண்டிவிடுகிறது. எந்த நேரமும் ஏதாவது ஒரு சக்கரம் மேட்டின் மேல் இருக்கும். வயிறு நடுவில் மேடு வரும்போது எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு சக்கரங்கள் ஓரளவு ஏறி நிற்கும், சுமார் 25 மிமீ கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் 45 டிகிரிக்குச் சாலை அகலம் வேண்டும். எதிர் லேனில் மூக்கை நீட்டுகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். பின்னால் வரும் இரு சக்கர வண்டிக்காரர் நீங்கள் திரும்பப் போவதாக நினைத்து உள்பக்கமாக நுழைவார். கண்ணாடியைப் பார்க்காமல் சாய்க்கவே கூடாது.

காணாமல் போன 10 மிமீ மூன்று வழியில் போகிறது. முதலாவது, எடை. இரண்டு பேர் 150 கிலோ என்று வையுங்கள். நான்கு சக்கரத்தின் ஸ்பிரிங் விறைப்பும் சேர்த்து ஒரு மிமீக்கு 110 நியூட்டன் என்றால், வண்டி 13 மிமீ இறங்கும். அங்கேயே கணக்கு முடிந்தது. இரண்டாவது, மேட்டுக்கு முன்னும் பின்னும் சக்கரம் குதித்துக் குதித்து உண்டாகும் பள்ளம். தண்ணீர் தேங்கும் இடமென்றால் இன்னும் ஆழமாக இருக்கும். 20 மிமீ பள்ளத்தில் சக்கரம் நின்றால் 100 மிமீ மேடு உங்களுக்கு 120 மிமீ. மூன்றாவது, முன் சக்கரம் மேட்டிலிருந்து இறங்கியதும் ஸ்பிரிங் அமுங்குகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் மேடு வயிற்றுக்குக் கீழே வருகிறது.

நீள மேட்டில் ஏன் தட்டவில்லை? 3.7 மீட்டர் நீளம், 100 மிமீ உயரம் என்றால் அது சுமார் 17 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. உங்கள் நான்கு சக்கரமும் அந்த வளைவின் மேலேயே நிற்கும். நடு உச்சிக்கும் சக்கரம் நிற்கும் இடத்துக்கும் உயர வித்தியாசம் 44 மிமீ மட்டுமே. 110 மிமீ வைத்திருக்கும் உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, தாராளமாக நேராகவே போகலாம். மேட்டின் உயரத்தை மட்டும் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இதைத்தான் தவறவிடுகிறார்கள். உயரம் எவ்வளவு என்பதோடு, அந்த உயரம் எவ்வளவு தூரத்துக்குள் வந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மேட்டை அளக்க எளிய வழி உண்டு. இரண்டரை மீட்டர் நீளத்துக்கு வளையாத அலுமினியக் குழாய் ஒன்று எடுங்கள். அதன் நடுப்பகுதியை மேட்டின் உச்சியில், வண்டி போகும் திசையிலேயே வையுங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் 1,225 மிமீ தள்ளி, அதாவது வீல்பேஸில் பாதி தூரத்தில், குழாய்க்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவு வரும்வரை குழாயைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் வயிறு தாண்ட வேண்டிய உண்மையான உயரம். பள்ளம், சரிவு எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். சக்கரம் எந்தக் கோட்டில் போகுமோ அந்தக் கோட்டில் அளக்க வேண்டும். வண்டிகள் வராத நேரம் பார்த்து, கூட ஒருவரை நிறுத்திக்கொண்டு செய்யுங்கள்.

அரைகிளட்ச் எழுதியது:

மேல அண்ணன் சொன்ன கணக்கு அத்தனையும் சரி. காலும் கையும் எப்ப என்ன பண்ணணும்கிறதை நான் சொல்றேன்.

பிரேக் வேலை முழுசும் மேட்டுக்கு முன்னாடியே முடிஞ்சிடணும். ஒரு கார் நீளத்துக்கு முன்னாடியே வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்திருக்கணும். லிப் மேட்டுக்கு நேரா வர்ற அந்த நொடியில பிரேக்ல கால் இருக்கவே கூடாது. காலை எடுத்ததும் அமுங்கின மூக்கு மேல வர்றதுக்குக் கொஞ்சம் நேரம் குடுக்கணும், அதனாலதான் முன்னாடியே முடிக்கச் சொல்றது. உரசின பிறகு பயந்து பிரேக் மிதிக்கிறவங்கதான் நிறைய. அப்ப மிதிச்சா மூக்கு இன்னும் கீழ போய் லிப்பைப் பிடுங்கிடும்.

வேகம் மணிக்கு 3-ல இருந்து 5 கிமீ. மேனுவல்ல இது லேசு இல்லை. நிறைய ஸ்போர்ட்ஸ் கார்ல முதல் கியர் நீளம், ஐடில்ல விட்டாலே 7, 8 கிமீ ஓடும். அதுக்காக மேடு முழுக்க அரை கிளட்ச்ல பிடிச்சுக்கிட்டே போகாதீங்க. முன் சக்கரம் மேட்டைத் தொடுற வரைக்கும் உருட்டு, தொட்டதும் கிளட்சை லேசா விட்டு ஒரு தள்ளு, சக்கரம் உச்சிக்கு வந்ததும் கிளட்சை முழுசா மிதிச்சு தானா இறங்க விடு. பின் சக்கரத்துக்கும் அதே. கிளட்ச் வழுக்குற நேரம் மொத்தமே ரெண்டு மூணு நொடிதான் இருக்கணும். கருகின வாடை வந்தா முறை தப்புன்னு அர்த்தம்.

ட்வின் கிளட்ச் ஆட்டோமேட்டிக் வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணு கவனிக்கணும். பிரேக்கைப் பாதி மிதிச்சு, ஆக்ஸிலரேட்டரையும் பாதி மிதிச்சு மேட்டுல தொங்கிக்கிட்டு நின்னா உள்ள கிளட்ச் சூடாகும். ஒண்ணு போகணும், இல்லைன்னா முழுசா பிரேக் மிதிச்சு நிக்கணும். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்ல இந்தக் கவலை கம்மி.

முன் சக்கரம் இறங்குறப்ப பிரேக் பிடிச்சு மெதுவா இறக்கணும்னு மனசு சொல்லும். கேக்காதீங்க. ஏற்கனவே ஸ்பிரிங் அமுங்குற நேரம், பிரேக்கும் சேர்ந்தா ரெண்டு பங்கு அமுங்கும், வயிறு நேரா மேட்டுல உக்காரும். வேகம் முன்னாடியே சரியா இருந்தா இறங்குறப்ப பிரேக் தேவையே படாது.

கோணலா ஏத்தினா ஸ்டீயரிங்கை நடுவுல திருப்பாதீங்க. சாய்வை மேட்டுக்கு முன்னாடியே அமைச்சுக்கிட்டு, நாலு சக்கரமும் தாண்டுற வரைக்கும் அதே கோட்டுல நேரா போங்க. முன் சக்கரம் தாண்டினதும் நேராக்கினா பின் பக்கம் வேற கோணத்துல ஏறும், சைடு ஸ்கர்ட் (கதவுக்குக் கீழ இருக்கிற பட்டை) அடி வாங்கும். இன்னொரு விஷயம், ஒரு பக்கச் சக்கரம் ஏறுறப்ப வண்டி சாஞ்சு எதிர் மூலை கொஞ்சம் கீழ போகும். நடு லிப் தப்பிச்சு அந்த மூலை மட்டும் உரசினா காரணம் இதுதான். அப்ப சாய்வைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க.

திண்டு விஷயம். அதை ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல விட்டுத் தாண்டுறது உயரமான வண்டிக்கு. உங்க வண்டிக்கு அது பெரிய தப்பு, முழு உயரமும் வயித்துக்கு அடியில அப்படியே வரும். ஒரு பக்கச் சக்கரத்தைத் திண்டோட நடு உச்சியில ஏத்துங்க, இன்னொரு பக்கம் இடைவெளியில ஓடட்டும். வண்டி சாஞ்சு போகும், ஆனா திண்டு மேல டயர்தான் இருக்கும், வயிறு இருக்காது. திண்டோட பக்கச் சரிவுல டயரை ஓட்டாதீங்க, உள் விளிம்பு ரப்பர் தேய்ஞ்சு சைடுவால் (டயரோட பக்கச் சுவர்) வெட்டு வாங்கும்.

தார் மேட்டோட ஓரத்தையும் பாருங்க. தண்ணி வடியறதுக்காக நிறைய மேடு சாலை ஓரத்துல தாழ்ந்து முடியும். அங்க இடம் இருந்தா, எக்ஸாஸ்ட் எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கத்தைத் தாழ்ந்த முனைக்கு விட்டு ஓட்டுங்க. வயித்துல முதல்ல அடி வாங்குறது பல வண்டியில எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சுதான் (புகைக் குழாய்களை போல்ட் போட்டு இணைக்கிற தட்டு).

ஜாக்கிமேடை எழுதியது:

ஓட்டும் முறை பற்றி மேலே சொல்லியாகிவிட்டது. நான் பொருள்களைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எது தட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள், ஊகிக்க வேண்டாம். மேட்டின் உச்சி நெடுக நிறச் சாக்பீஸை அழுத்தித் தடவுங்கள். வண்டியை மெதுவாகத் தாண்டவிட்டு, பிறகு ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றிக் கீழே பாருங்கள். சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கும் இடம்தான் தட்டும் இடம். சில நேரம் அது ஒரே ஒரு போல்ட் தலையாகவோ, தொங்கிப்போன எக்ஸாஸ்ட் பைப்பாகவோ இருக்கும். எக்ஸாஸ்டைத் தாங்கும் ரப்பர் தொங்கி இழுபட்டிருந்தால் அதை மாற்றினாலே 10 மிமீ திரும்பக் கிடைக்கலாம். வண்டியின் அடியை மூடும் அண்டர்ட்ரே தட்டின் கிளிப் இரண்டு விழுந்து, தட்டு நடுவில் தொய்ந்திருப்பதும் வழக்கமான காரணம். ஸ்பிரிங்குக்குச் செலவு செய்வதற்கு முன்னால் இதைப் பார்ப்பது கட்டாயம்.

டயர் பற்றி. 245/35 அளவில் (245 மிமீ அகலம், பக்கச் சுவரின் உயரம் அதில் 35 சதவீதம்) 19 இன்ச் டயரிலிருந்து 245/40-க்கு மாறினால் வண்டி 12 மிமீ உயரும். ஆனால் சுற்றளவு 3.7 சதவீதம் கூடுவதால் ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட உண்மை வேகம் கூடுதலாக இருக்கும். நான்கு சக்கர டிரைவ் வண்டியில் முன்பக்கம் மட்டும் மாற்றினால் டிஃபரென்ஷியல் கெடும். ஏபிஎஸ்சும் முன்பின் வேக வித்தியாசத்தைப் பிழையாக எடுத்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து, ஃபெண்டர் லைனரில் டயர் தேய்கிறதா என்றும் பார்க்க வேண்டும். காற்றைக் கூட்டினால் உயரம் வரும் என்பார்கள். ஓரிரு மிமீக்காகப் பிடிமானத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும், வேண்டாம்.

காயிலோவர் (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-டேம்பர் தொகுதி) போடுவதாக இருந்தால், ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை உயர்த்துவதும் சக்கரத்தில் கிடைக்கும் உயரமும் ஒன்றல்ல. மெக்பெர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷனில் கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்று. டபுள் விஷ்போன் வகையில் ஸ்பிரிங் உள்பக்கமாக இருப்பதால், சக்கரம் நகர்வதற்கு ஸ்பிரிங் நகரும் விகிதம் 0.7 என்றால் வளையத்தில் 10 மிமீ உயர்த்தினால் சக்கரத்தில் 14 மிமீ வரும். 15 மிமீ உயர்த்தினாலே டோ, கேம்பர் எனும் சக்கரக் கோணங்கள் இரண்டும் மாறும். அலைன்மென்ட், ஹெட்லைட் திசை இரண்டையும் அன்றே சரிசெய்யுங்கள். பேராசைப்பட்டு முழுதாக உயர்த்தினால் டேம்பருக்கு (ஷாக் அப்சார்பர்) கீழ்நோக்கி நீள இடமில்லாமல் போகும். மேட்டிலிருந்து சக்கரம் இறங்கும்போது "டக்" என்று உள்ளே இடிக்கும், கொஞ்ச நாளில் டேம்பர் சீல் ஒழுகும்.

காற்றுக் கிண்ணம் வகை லிஃப்ட் கிட் முன் ஸ்பிரிங்குக்கும் மேல் மவுண்டுக்கும் நடுவே உட்காரும். கம்ப்ரசரும் சிறிய டேங்கும் தனியாக வைக்க வேண்டும். முன் ஆக்ஸிலை 40 மிமீ உயர்த்தினால் உங்கள் லிப்புக்கு ஏறக்குறைய 55 மிமீ கிடைக்கும், ஏனென்றால் லிப் ஆக்ஸிலுக்கு முன்னால் இருக்கிறது. வயிற்றின் நடுவில் கிடைப்பது 20 மிமீ மட்டுமே. பின்புற நீட்டம் ஒரு மீட்டர் என்றால் டிஃப்யூசர் (பின் பம்பருக்குக் கீழே உள்ள தட்டு) 16 மிமீ கீழே இறங்கும். உங்கள் வண்டியில் லிப் ஏற்கனவே கோணலாகப் போனால் தப்பிக்கிறது, தட்டுவது வயிறு. ஆகவே நோஸ் லிஃப்ட் உங்களுக்குப் பாதி மருந்துதான்.

கம்பெனியிலிருந்தே வரும் லிஃப்டும் முன்பக்கத்துக்கு மட்டும்தான் பெரும்பாலும். போர்ஷே 911-இல் சுமார் 35 கிமீ வேகம் வரைதான் அது உயர்ந்து நிற்கும். கார்வெட் சி8-இல் ஜிபிஎஸ் வைத்து 1,000 இடம் வரை நினைவில் வைத்துக்கொண்டு தானாகவே உயர்த்தும். தினமும் தாண்டும் மேட்டுக்கு அது உண்மையிலேயே பெரிய வசதி.

லிப்புக்குக் கீழே தேய்மானப் பட்டை ஒட்டுவது நல்ல யோசனை. கனமான பாலிஎத்திலீன், 4 அல்லது 5 மிமீ தடிப்பு. ரப்பர் வேண்டாம், அது சாலையைப் பிடித்து இழுக்கும், பாலிஎத்திலீன் வழுக்கிக்கொண்டு போகும். திருகின் தலை பட்டைக்குள் புதையும்படி துளையைச் சரிவாக அகலப்படுத்துங்கள். வெளியே நீட்டியிருக்கும் தலை முதல் உரசலிலேயே தேய்ந்து, பிறகு கழற்றவே முடியாது. பட்டையின் தடிப்பு இடைவெளியிலிருந்து கழியும் என்பதையும் நினைவில் வையுங்கள்: உங்கள் 105 இனி 100. கார்பன் ஃபைபர் லிப் என்றால் பட்டை இல்லாமல் ஓட்டாதீர்கள், அது வளைந்து கொடுக்காது, விளிம்பு உதிரும். பாலியூரித்தேன் லிப் மடங்கித் திரும்பும்.

தாழ்தளம் எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. குழாய் வெச்சு அளந்தேன். குட்டை மேட்டுல உண்மையான உயரம் 122 மிமீ, முன்னாடி பின்னாடி பள்ளம் அவ்வளவு இருக்கு. ஆக 110-ல எப்படி முயற்சி பண்ணாலும் தட்டத்தான் செய்யும்னு புரியுது. சாக்பீஸ் தூள் எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சு போல்ட்லயும் அண்டர்ட்ரே பின் விளிம்புலயும் ஒட்டியிருந்துச்சு.

ஒரு சந்தேகம் பாக்கி. இறக்கத்துல இருக்கிற இன்னொரு மேட்டுல முன் சக்கரம், வயிறு எல்லாம் சுத்தமா தாண்டிடுது. பின் சக்கரம் ஏறுறப்ப முன் லிப் தரையில உரசுது. மேடே பின்னாடி போயிடுச்சு, லிப் எதுல உரசுது?

அளவுகோல் எழுதியது:

சாலையில்தான் உரசுகிறது. பின் சக்கரம் 100 மிமீ எழும்பும்போது முன் சக்கரத்தை அச்சாக வைத்து வண்டி முன்னோக்கிச் சாயும். 100-ஐ 900-ஆல் பெருக்கி 2,450-ஆல் வகுங்கள்: லிப் 37 மிமீ இறங்கும். 105-இல் மீதி 68. சமதளத்தில் இது போதும். மேட்டைத் தாண்டியதும் சாலை மறுபடி மேல்நோக்கி எழும்பினாலோ, முன் சக்கரம் அப்போது ஒரு பள்ளத்தில் நின்றாலோ அந்த 68-உம் காணாது. இறக்கத்தில் உங்கள் கால் பிரேக்கில் இருக்கும், அதில் இன்னும் 20 போகும். பின் சக்கரம் மேட்டின் உச்சியில் இருக்கும்போது முன் சக்கரமும் லிப்பும் எங்கே இருக்கின்றன என்று போய்ப் பாருங்கள். உச்சியிலிருந்து 2.45 மீட்டரும் 3.35 மீட்டரும் தள்ளி. அந்த இடத்தில் தார் ஒட்டுப்போட்ட மேடோ, பள்ளமோ இருந்தே தீரும். ஒரு அடி இடது வலது தள்ளிப் போனால் தப்பலாம்.

இறக்கத்தில் பின் சக்கரம் ஏறும்போது பிரேக்குக்குப் பதிலாக முதல் கியரில் எஞ்சின் பிடிப்பிலேயே விடுங்கள். உங்கள் வண்டி பின் சக்கர டிரைவ் என்றால், எஞ்சின் பிடிப்பு பின்பக்கத்தைத்தான் இழுக்கும். கால் பிரேக்கில் அமுங்குவதைவிட மூக்கு குறைவாக அமுங்கும்.

அரைகிளட்ச் எழுதியது:

122-க்கு 110. சாலை அகலம் இருந்தா 45 டிகிரி, பக்கத்து சீட் ஆளை இறக்கி விட்டுட்டு. ரெண்டும் சேர்த்தா 30 மிமீக்கு மேல கிடைக்கும். அகலம் இல்லைன்னா அந்த மேட்டுக்கு ஓரமா தாழ்ந்த முனை இருக்கான்னு பாருங்க. அதுவும் இல்லைன்னா மேலே சொன்ன மாதிரி 15 மிமீ உயர்த்துறது தவிர வழி இல்லை. ஓட்டுற திறமையால இல்லாத இடைவெளியை உண்டாக்க முடியாது. மெதுவா போனா சத்தம் குறையும், உரசல் நிக்காது.

ஜாக்கிமேடை எழுதியது:

ஃபிளாஞ்சு போல்ட் என்றால் நல்ல செய்தி. போல்ட்டின் மரை முனை கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் தலை கீழே, முனை மேலே வரும்படி திருப்பிப் போட முடிகிறதா, அல்லது குட்டையான போல்ட் போட முடிகிறதா என்று பாருங்கள். பழைய போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும், ஊடுருவும் எண்ணெயை முந்தின நாளே விட்டு வைத்து, எக்ஸாஸ்ட் முழுதாக ஆறிய பிறகு கழற்றுங்கள். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள். போல்ட் மட்டும் 8 மிமீ, 10 மிமீ திரும்பக் கொடுக்கும்.

அண்டர்ட்ரேயின் பின் விளிம்பு தட்டியிருப்பதை இன்னும் கவனமாகப் பாருங்கள். அதன் திருகுத் துளைகள் கிழிந்திருந்தால் பெரிய வாஷர் போட்டு இறுக்குங்கள். ஒரு பக்கம் தொங்கிய தட்டை வேகச் சாலையில் காற்று அள்ளும், தட்டு முழுதாகப் பிய்ந்து பின் சக்கரத்துக்குள் போகும். இது உரசல் சத்தத்தைவிடப் பல மடங்கு ஆபத்து.

ஒவ்வொரு கனமான தட்டலுக்குப் பிறகும் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து வண்டி நின்ற இடத்தைப் பாருங்கள். ஏசி போட்டிருந்தால் நிறமில்லாத தண்ணீர் சொட்டுவது இயல்பு. பச்சை, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில் இனிப்பு வாடையோடு இருந்தால் கூலன்ட். நடு எஞ்சின் வண்டியில் முன் ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குக் கூலன்ட் குழாய் வயிற்றுக்குக் கீழேயே ஓடும், அதில் சிறு நசுங்கல் இருந்தாலும் வெப்பமானியில் கண் வைக்க வேண்டும். பழுப்பு, கறுப்பு எண்ணெய் என்றால் ஆயில் சம்ப்பில் (எஞ்சினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டி) கீறல். அலுமினிய சம்ப் நெளியாது, விரிசல் விடும். ஆயில் பிரஷர் விளக்கு எரிந்தால் "வீடு வரை போய்விடலாம்" என்று நினைக்காமல் அந்த நொடியே எஞ்சினை அணைத்து, வண்டியை ஏற்றிச் செல்லும் லாரிக்குச் சொல்லுங்கள். ஆயில் இல்லாமல் ஓடும் ஒரு நிமிடத்தில் பேரிங் போய்விடும்.

மின்சார ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருந்து இதைப் படிப்பவர்களுக்கு: உங்கள் வயிறு முழுக்க பேட்டரிப் பெட்டி. அதன் அடித்தட்டு நெளிந்திருந்தாலோ, விளிம்பு சீல் பிரிந்திருந்தாலோ ஆய்வு முடியும்வரை சார்ஜ் போடாதீர்கள், மூடிய கராஜில் நிறுத்தவும் வேண்டாம்.